ஆங்கிலத் தேர்வில் ஈமெயில் எழுதுவது எப்படி: நம்ம ரங்கூன் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கிளம்பத் தயாராகிற நம்ம ரங்கூன், மௌல்மீன், பகோ பிள்ளைகள் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும்போது எசேக்குத்தான், அதாவது கட்டுரைக்குத்தான், உயிரைக் கொடுக்கிறார்கள். ஈமெயில்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். டியூஷனில் விடைகளைத் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எசேயைவிட ஈமெயிலில்தான் சுலபமாக மார்க் ஏற்றலாம், அதே சுலபத்தில் கோட்டையும் விடலாம். எசேயில் உங்கள் கருத்தைக் கேட்கிறார்கள். ஈமெயிலில் ஒரு வேலையைக் கொடுக்கிறார்கள்: இன்னாருக்கு எழுது, இந்தக் காரணத்துக்காக எழுது, இந்த மூன்று விஷயத்தையும் சொல். அந்த வேலை முடிந்ததா என்று முதலில் பார்க்கிறார்கள், ஆங்கிலம் எவ்வளவு அழகு என்பதெல்லாம் அதோடு சேர்ந்து வருவது.

முதலில், நீங்கள் எழுதப்போவது எந்தத் தேர்வு?

இதைத் தெரியாமல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் படிக்கப் போகிறவர்களுக்கு அகாடமிக், வேலைக்கும் குடியேறவும் போகிறவர்களுக்கு ஜெனரல் ட்ரெய்னிங் என்று இரண்டு உண்டு; லெட்டர் எழுதுவது ஜெனரல் ட்ரெய்னிங்கில் மட்டும்தான். அகாடமிக்கில் அதே இடத்தில் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து எழுதச் சொல்வார்கள். மாமா மகன் கொடுத்தான் என்று பழைய அகாடமிக் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் கிராஃப் எழுதிப் பழகுவதில் அர்த்தமில்லை.

ஜெனரல் ட்ரெய்னிங்கில் லெட்டருக்குக் குறைந்தது 150 வார்த்தை, எசேக்குக் குறைந்தது 250 வார்த்தை, இரண்டுக்கும் சேர்த்து 60 நிமிடம். லெட்டருக்கு 20 நிமிடம் வைத்துக்கொள் என்று அவர்களே சொல்கிறார்கள். எசேக்கு லெட்டரைப்போல இரண்டு மடங்கு மதிப்பு என்பதால் லெட்டரில் 30 நிமிடம் உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். கனடாவுக்குப் போகிறவர்கள் செல்பிப் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதலாம். அதில் ஈமெயிலுக்கு 27 நிமிடம், 150 முதல் 200 வார்த்தை. அதே கனடாவுக்கு பிடிஇ கோர் என்றும் ஒன்று உண்டு, அதில் 9 நிமிடம்தான், நூறு வார்த்தை அளவில் முடித்துவிட வேண்டும். டோஃபல் ஐபிடியில் 2026 ஜனவரியிலிருந்து ஈமெயில் கேள்வி வந்திருக்கிறது, அதற்கு 7 நிமிடம். கேம்பிரிட்ஜ் பி1 பிரிலிமினரியில் சுமார் 100 வார்த்தைக்கு ஒரு ஈமெயிலுக்குப் பதில் எழுத வேண்டும். பி2 ஃபர்ஸ்டில் இரண்டாம் பகுதியில் விருப்பப்பட்டால் எடுக்கலாம், 140 முதல் 190 வார்த்தை.

லெட்டர் என்றாலும் ஈமெயில் என்றாலும் எழுதும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஐஇஎல்டிஎஸ்ஸில் முகவரிகூட எழுத வேண்டாம் என்று கேள்வியிலேயே போட்டிருக்கும். அதனால் கீழே எல்லாவற்றையும் ஈமெயில் என்றே சொல்கிறேன்.

மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கு பகுதி, நான்குக்கும் சம மதிப்பு: கேட்டதைச் செய்தாயா, கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். இதில் முதல் பகுதிக்கான விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். கேட்ட மூன்றில் ஒன்றை விட்டுவிட்டால் அந்தப் பகுதியில் 4 பேண்ட் பக்கம் இறங்கிவிடுவீர்கள், பேண்ட் என்பது ஐஇஎல்டிஎஸ்ஸில் மார்க்கைச் சொல்லும் அளவு. மூன்றும் இருந்து, எழுதுகிற தொனி அங்கங்கே தடுமாறினால் 6. நோக்கம் தெளிவாக இருந்து, தொனியும் கடைசிவரை ஒரே சீராக இருந்தால் 7. கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், கனடாவின் மொழித்திறன் அளவான சிஎல்பியில் 7க்கு ரைட்டிங்கில் 6 போதும், சிஎல்பி 9க்கு 7 வேண்டும். அந்த ஒரு பேண்டுக்காகப் பெரிய பெரிய வார்த்தைகளை மனப்பாடம் செய்கிறவர்கள் தொனி என்று ஒன்று இருப்பதையே கவனிப்பதில்லை.

கேள்வியைப் படிப்பது

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஐஇஎல்டிஎஸ் மாதிரியில் நானே எழுதியது. நீங்கள் ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள், ஒரு வாரமாகத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. வீட்டு உரிமையாளருக்கு எழுதுங்கள். அதில் பிரச்சினை என்ன என்று விவரியுங்கள், உங்களுக்கு என்னென்ன சிரமங்கள் என்று விளக்குங்கள், அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

எழுத ஆரம்பிக்காதீர்கள். கொடுத்திருக்கும் தாளில் நான்கே வரி கிறுக்குங்கள், தமிழிலோ பர்மியிலோ, எதில் வேகமாக வருமோ அதில். யாருக்கு? வீட்டு உரிமையாளர், பழக்கமானவர், ஆனால் நண்பர் கிடையாது. எதற்கு? தண்ணீர் வராததைச் சொல்லிச் சரிசெய்யச் சொல்ல. மூன்று விஷயம் என்ன? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு உங்களிடம் ஒரு வரியில் பதில் இல்லையென்றால் ஈமெயில் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியாது.

அப்புறம் கேள்வியில் இருக்கும் சின்னச் சின்ன வார்த்தைகளைப் பாருங்கள். சிரமங்கள் என்று பன்மையில் கேட்டிருந்தால் குறைந்தது இரண்டு சொல்ல வேண்டும், ஒன்றையே நீட்டி முழக்கினால் போதாது. டிஸ்கிரைப் என்றால் எப்படி இருக்கிறது என்று சொல்வது, எக்ஸ்பிளெய்ன் என்றால் ஏன், எப்படி என்று விளக்குவது, சஜஸ்ட் என்றால் யோசனை சொல்வது. யோசனை கேட்ட இடத்தில் கட்டளை போட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் ஏராளம். வீட்டுக்காரர் உங்களுக்கு முன்பே தெரிந்தவரா, புது ஆளா என்பதும் கேள்வியிலேயே இருக்கும். உங்கள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது.

விவரத்தை உருவாக்குவது

சார், எனக்கு அப்படி நடந்ததே இல்லையே, என்ன எழுதுவது? இதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. நடந்ததா இல்லையா என்று யாரும் விசாரிக்கப்போவதில்லை. இது சாட்சி சொல்கிற இடமில்லை, கற்பனை பண்ணுங்கள். கற்பனையில் தேதி, நேரம், மாடி, ரூம், ஆள், தொகை என்று இரண்டு மூன்று திட்டமான விவரம் இருந்தால் போதும், ஈமெயிலுக்கு உயிர் வந்துவிடும். தண்ணீர் வரவில்லை, ரொம்பச் சிரமம் என்று எழுதுவதைவிட, போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஆறாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, கீழே இருக்கும் மோட்டார் ஓடுகிறது ஆனால் கடமுடவென்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது என்று எழுதினால் படிக்கிறவருக்குக் காட்சி தெரியும், உங்களுக்கும் வார்த்தை எண்ணிக்கை தானாக ஏறும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ரங்கூனில் வாழ்கிற நமக்குச் சாதாரணமாகத் தெரிவது திருத்துகிறவருக்குப் புரியாமல் போகலாம். எந்த நேரம் கரண்ட் வரும், வந்ததும் மோட்டார் போட எந்த வீட்டுக்காரர் ஓட வேண்டும், யார் டேங்க் நிறைந்த பிறகு யார் டேங்க் என்பதையெல்லாம் விளக்க ஆரம்பித்தால் 150 வார்த்தையும் அதிலேயே தீர்ந்துவிடும், கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும். எங்கேயும் நடக்கக்கூடிய ஒரு காரணமாகப் பாருங்கள்: மோட்டார் பழுது, குழாய் ஒழுகல். திஞ்ஜான் விடுமுறை, மொஹிங்கா நூடுல்ஸ், அவுங் மிங்கலா பஸ் நிலையம் எல்லாம் தாராளமாக எழுதலாம், ஆனால் கூடவே நாலு வார்த்தையில் அது என்ன என்று சொல்லிவிடுங்கள். திஞ்ஜானுக்கு, ஏப்ரலில் வரும் எங்கள் தண்ணீர்த் திருவிழா என்றால் தீர்ந்தது.

தொனி, இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்

தமிழில் மரியாதை காட்டுவது ரொம்பச் சுலபம். நீ என்பதை நீங்கள் என்று மாற்றினால் பாதி வேலை முடிந்தது; அண்ணன், அக்கா, ஐயா சேர்த்தால் மீதியும் முடிந்தது. பர்மியிலும் அதே கதைதான், பெயருக்கு முன்னால் ஊ போடுவதா கோ போடுவதா என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் யூதான். அதனால் நம்ம பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால் மரியாதையை வேறு எங்கேயாவது திணிக்கப் பார்க்கிறார்கள்: ரெஸ்பெக்டட் சர் என்று ஆரம்பித்து, வரிக்கு ஒரு சர் போட்டு, கைண்ட்லி, ஹம்ப்ளி என்று தூவி, கடைசியில் தாங்க்யூவை மூன்று தடவை சொல்லி முடிக்கிறார்கள். மரியாதை இருக்கிறது, ஆனால் படிக்கிறவருக்கு அது நூறு வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பம் மாதிரி இருக்கும்.

ஆங்கில ஈமெயிலில் மரியாதை வினைச்சொல்லின் அமைப்பில் இருக்கிறது. நண்பனிடம் கேன் யூ போதும். தெரிந்தவர் ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கிறவர், அதாவது வீட்டு உரிமையாளர், மேனேஜர், பக்கத்து வீட்டுக்காரர் என்றால் குட் யூ ப்ளீஸ். முன்பின் தெரியாதவருக்கு, கம்பெனிக்கு என்றால் ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட். இந்த மூன்று படியையும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும். நண்பனுக்கு எழுதும்போது ஐம், டோன்ட், கான்ட் என்று சுருக்கலாம், ஆச்சரியக்குறி ஒன்றிரண்டு போடலாம்; கம்பெனிக்கு எழுதும்போது ஐ ஆம், டு நாட் என்று முழுசாக எழுதுங்கள், ஆச்சரியக்குறி வேண்டாம். நண்பனுக்கு கெட், ஃபைண்ட் அவுட், கிவ் பேக். கம்பெனிக்கு ரிசீவ், என்குயர், ரிட்டர்ன்.

முக்கியம் என்னவென்றால் ஒரு படியில் நின்றால் கடைசிவரை அதே படியில் நிற்க வேண்டும். மேலே டியர் சர் ஆர் மேடம் போட்டுவிட்டு நடுவில் வான்னா, கொன்னா என்று எழுதுவதும், நண்பனுக்கு ஹாய் சொல்லிவிட்டு கடைசியில் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி என்று முடிப்பதும் ஒரே வகைத் தவறு. 6க்கும் 7க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிற தாள்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

பர்மியப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, நம்மிலும் பலருக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான், போதாததற்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளியில் ஒரு பர்மியப் பெயர். அதனால் ஆங்கிலப் பெயரைக் கையாளும்போது நமக்குத் தடுமாற்றம் வருகிறது. கேள்வியில் ஜான் ஹாரிஸ் என்று இருந்தால் டியர் மிஸ்டர் ஹாரிஸ் என்று கடைசிப் பெயரோடுதான் மிஸ்டர் போக வேண்டும். டியர் மிஸ்டர் ஜான் என்று எழுதக்கூடாது, டியர் மிஸ்டர் ஜான் ஹாரிஸ் என்பதும் வேண்டாம். பெண் என்றால் திருமணமானவரா என்று யோசிக்காமல் மிஸ் என்று ஒலிக்காத, எம்எஸ் என்று எழுதுகிற அந்தப் பொதுவான அடைமொழியைப் போடுங்கள். பெயரே தெரியாவிட்டால் டியர் சர் ஆர் மேடம். நண்பனுக்கு முதல் பெயர் மட்டும். கற்பனைப் பெயர் வைக்க வேண்டியிருந்தால் எழுத்துப் பிழை வராத சின்னப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும்போது, மேலே பெயர் போட்டிருந்தால் யுவர்ஸ் சின்சியர்லி, டியர் சர் ஆர் மேடம் என்றால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி. இரண்டும் குழம்பினால் கைண்ட் ரிகார்ட்ஸ் போடுங்கள், ஈமெயிலில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முறையான ஈமெயிலில் கீழே உங்கள் முழுப் பெயர், நண்பனுக்கு என்றால் கூப்பிடும் பெயர்.

முதல் இரண்டு வரி

ஐ ஹோப் யூ ஆர் வெல், ஐ ஹோப் யுவர் ஃபேமிலி இஸ் ஆல்சோ வெல், த வெதர் இஸ் ஹாட் ஹியர் என்று மூன்று வரி போன பிறகு விஷயத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊரில் யாராவது வீட்டுக்கு வந்து எடுத்த எடுப்பில் கடன் கேட்டால் மரியாதையில்லை, டீ குடித்து, பிள்ளைகள் படிப்பு விசாரித்து, கிளம்பும்போது வாசலில் நின்றுதான் கேட்பார்கள். ஆங்கில ஈமெயிலில் அது நேர் எதிர். ஏன் எழுதுகிறேன் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

மை நேம் இஸ் என்று ஆரம்பிக்கவும் வேண்டாம், பெயர் கீழே வரத்தான் போகிறது. பெயரைவிட உறவு முக்கியம்: ஐ ஆம் த டெனன்ட் இன் ஃப்ளாட் சிக்ஸ் பி, ஐ ஆம் ரைட்டிங் அபௌட் த வாட்டர் சப்ளை, விச் ஹாஸ் நாட் வொர்க்டு ப்ராபர்லி சின்ஸ் லாஸ்ட் டியூஸ்டே. இவ்வளவுதான். யார், எதற்கு, எப்போதிலிருந்து, மூன்றும் வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு இதற்குமேல் முன்னுரை தேவையில்லை.

கேள்வியில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். அது உங்கள் ஆங்கிலம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், உங்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

நடுப்பகுதி

ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி. மூன்று விஷயத்துக்கு மூன்று பத்தி, மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. எண் போட்டுப் பட்டியலாக எழுதக்கூடாது, முழு வாக்கியங்களாக எழுத வேண்டும். மூன்று பத்தியும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எது உங்கள் ஈமெயிலின் மையமோ அது நீளமாக இருக்கட்டும். நம்ம கேள்வியில் சிரமத்தை விளக்கும் பத்திதான் நீளும். மோட்டார் பற்றி மூன்று வரி. அதன் பிறகு சிரமம்: ஆறாம் மாடிவரை பக்கெட்டில் தண்ணீர் தூக்குவது, எழுபது வயது அம்மாவால் படி ஏறி இறங்க முடியாதது, வேலைக்குப் போகும் முன்னால் குளிக்க முடியாமல் தாமதமாவது. இரண்டு சிரமத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதனால் என்ன ஆயிற்று என்று ஒரு வரி சேருங்கள். மை மதர் இஸ் செவன்டி அண்ட் கேனாட் யூஸ் த ஸ்டேர்ஸ் ஈஸிலி, ஸோ ஐ ஹேவ் டு கேரி வாட்டர் அப் பிஃபோர் ஐ கோ டு வொர்க், அண்ட் ஐ ஹேவ் பீன் லேட் ட்வைஸ் திஸ் வீக். பாருங்கள், இதில் கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் காரணமும் விளைவும் ஒரே மூச்சில் போகிறது. இந்த மாதிரி வாக்கியம்தான் கோர்வை என்று அவர்கள் சொல்வது. ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, மோரோவர், ஃபர்தர்மோர் என்று வரிக்கு வரி ஆணி அடிப்பது கிடையாது.

கோபத்தைக் காட்டலாமா? காட்டலாம், அளவாக. புகார் ஈமெயிலில் திஸ் இஸ் அனக்செப்டபிள் என்று ஒருமுறை சொல்லலாம். உரிமையாளரைத் திட்டுவது, போலீஸுக்குப் போவேன் என்று மிரட்டுவது எல்லாம் தொனியைக் கெடுத்துவிடும்.

கேட்பதைக் கேளுங்கள்

நம்ம பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். பிரச்சினையை அருமையாகச் சொல்வார்கள், சிரமத்தை உருக்கமாகச் சொல்வார்கள், கடைசியில் ப்ளீஸ் ஹெல்ப் மீ, ப்ளீஸ் டு சம்திங் என்று முடித்துவிடுவார்கள். கேட்க வாய் வருவதில்லை. வளர்ந்த விதம் அப்படி. இன்னது வேண்டும் என்று பெரியவரிடம் நேராகச் சொல்வது சங்கடம், அவராகப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தமிழ் வீட்டிலும் இதுதான், பர்மியப் பழக்கத்திலும் இதுதான், இரண்டும் சேர்ந்து நம்மை இரட்டிப்பாகத் தயங்க வைக்கின்றன.

தேர்வில் இந்தத் தயக்கத்துக்கு மார்க் போகும். என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள், மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். குட் யூ ப்ளீஸ் சென்ட் எ ப்ளம்பர் டு செக் த பம்ப் பிஃபோர் ஃப்ரைடே? அதோடு ஒரு மாற்று வழியும் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்: உங்களால் ஆள் அனுப்ப முடியாவிட்டால் நானே ஒருவரை ஏற்பாடு செய்கிறேன், செலவை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்கிறேன். இஃப் தட் இஸ் நாட் பாஸிபிள், ஐ ஆம் ஹேப்பி டு அரேஞ்ச் ஒன் மைசெல்ஃப் அண்ட் டிடக்ட் த காஸ்ட் ஃப்ரம் நெக்ஸ்ட் மன்த்ஸ் ரென்ட். இது இலக்கணத்திலும் உங்களுக்கு லாபம், இஃப் போட்ட வாக்கியம் ஒன்று இயல்பாக வந்துவிட்டது.

விண்ணப்பம் எழுதும்போதும் இதேதான். லீவு கேட்டால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, அந்த நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள். பணம் திரும்பக் கேட்டால் எவ்வளவு. மன்னிப்புக் கேட்டால் அதைச் சரிசெய்ய நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்.

நண்பனுக்கு எழுதுவது

சுலபம் என்று நினைத்து ஏமாறுகிற கேள்வி இது. ரங்கூனுக்கு ஒரு வெளிநாட்டு நண்பன் வருகிறான், அவனுக்கு எழுது என்று வந்தால், ஊரைப் பற்றிச் சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி எழுதிவிடுகிறார்கள்: ரங்கூன் ஒரு அழகிய நகரம், ஷ்வேடகோன் பகோடா உலகப் புகழ் பெற்றது. நண்பனுக்கு யார் அப்படி எழுதுவார்கள்? சாயந்திரம் வெயில் தாழ்ந்த பிறகு ஷ்வேடகோன் போவோம், செருப்பை வாசலிலேயே விட வேண்டும், மத்தியானம் போனால் தரையில் கால் வைக்க முடியாது, நான் சொல்லவில்லை என்று சொல்லாதே. இப்படி எழுதினால் அது நண்பனின் குரல். கடைசியில் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள், எத்தனை மணிக்கு வருகிறாய் என்றோ காரம் சாப்பிடுவாயா என்றோ. அவன் போன ஈமெயிலில் ஏதோ சொன்னதாகக் கற்பனை செய்து அதைத் தொட்டு ஒரு வரி எழுதினாலும் நன்றாக இருக்கும்.

எஸ்எம்எஸ் சுருக்கெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். யூ என்பதை ஒற்றை எழுத்தாகப் போடுவது, ப்ளீஸைச் சுருக்குவது எல்லாம் தேர்வில் நட்பு இல்லை, எழுத்துப் பிழை.

நம்ம மொழிகள் இழுத்துவிடும் குழிகள்

பர்மி மீடியத்தில் படித்த பிள்ளைகளின் தாளைப் பார்த்தால் எஸ்ஸும் ஈடியும் காணாமல் போயிருக்கும். டூ வீக், ஹீ கம், எஸ்டர்டே ஐ கால் யூ. பர்மியில் சொல்லின் கடைசியில் இப்படி மெய்யெழுத்துகள் அழுத்தமாக ஒலிப்பதில்லை, வினைச்சொல்லும் காலத்துக்கு ஏற்றபடி உருமாறுவதில்லை. காதில் விழாதது கையிலும் வருவதில்லை. வீட்டுத் தமிழ் இங்கே கைகொடுக்கும். அவன் வந்தான், அவள் வருகிறாள், நாங்கள் வருவோம் என்று காலத்தையும் ஆளையும் மாற்றிப் பழகியவர்கள்தானே நாம். சந்தேகம் வரும் வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள், வந்தது என்றா வருகிறது என்றா சொன்னீர்கள், அதற்கேற்ப ஆங்கிலத்தைத் திருத்துங்கள்.

ஏ, தி இரண்டும் தமிழிலும் இல்லை, பர்மியிலும் இல்லை, அதனால் நமக்கு எப்போதும் தகராறுதான். முழுசாகக் கற்றுக்கொள்ள வருஷக்கணக்காகும். ஈமெயிலுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி: முதல் தடவை சொல்லும் ஒற்றைப் பொருளுக்கு ஏ, அடுத்த தடவை அதையே சொன்னால் தி. ஐ பாட் எ ஃபேன். த ஃபேன் ஸ்டாப்டு வொர்க்கிங். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனாலும் பாதிக்குமேல் காப்பாற்றும்.

ஸ்பெல்லிங்கில் பிரிட்டிஷா அமெரிக்கனா என்று கவலைப்பட வேண்டாம், ஐஇஎல்டிஎஸ்ஸில் இரண்டும் செல்லும், ஒரே ஈமெயிலில் இரண்டையும் கலக்காதீர்கள்.

நேரம்

ஐஇஎல்டிஎஸ் 20 நிமிடத்தில் 3 நிமிடம் கிறுக்கல், 14 நிமிடம் எழுத்து, 3 நிமிடம் திருத்தம். செல்பிப்பில் கொஞ்சம் தாராளம், 5, 18, 4 என்று பிரிக்கலாம். பிடிஇ கோரில் 9 நிமிடம்தான், ஒன்றரை நிமிடத்துக்குமேல் யோசிக்க வழியில்லை. அங்கே மூன்று விஷயத்துக்கும் ஆளுக்கு இரண்டு வாக்கியம், அதோடு நிறுத்துங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், பிடிஇயில் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாமல் எழுதினால் இலக்கணம் சொல்வளம் எதற்கும் மார்க் கிடையாது.

திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்க முயலாதீர்கள். முதலில் கேள்வியின் மூன்று விஷயத்தையும் உங்கள் ஈமெயிலில் விரல் வைத்துத் தேடுங்கள். அப்புறம் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். நேரம் மிச்சமிருந்தால் பெயர், எழுத்துப் பிழை. வார்த்தை எண்ணிக்கை 150ஐத் தாண்டியதா என்பதும் முக்கியம், 180 வரை போனால் பாதுகாப்பு, 250க்குப் போனால் எசேயின் நேரத்தைத் தின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பயிற்சி

இன்டர்நெட்டில் கிடைக்கும் மாதிரி ஈமெயிலை மனப்பாடம் செய்து அப்படியே இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். பத்தாம் வகுப்புவரை மனப்பாடத்திலேயே ஓடிவந்த நமக்கு இந்த ஆசை வரத்தான் செய்யும், ஆனால் மனப்பாட விடைகளை அடையாளம் காண்பது திருத்துகிறவர்களின் அன்றாட வேலை. ஆரம்ப வரி, முடிவு வரி, மூன்று படிக் கேள்வி வாக்கியங்கள், இவை மட்டும் கையில் இருந்தால் போதும்.

செல்பிப், பிடிஇ, டோஃபல் எல்லாமே கம்ப்யூட்டரில்தான். ஐஇஎல்டிஎஸ்ஸும் கம்ப்யூட்டரில் எழுதினால் வார்த்தை எண்ணிக்கை திரையில் தெரியும், தவறான ஸ்பெல்லிங்குக்கு அடியில் சிவப்புக் கோடு வராது. நம்மில் பெரும்பாலானவர்கள் போனில் கட்டை விரலால் தட்டியே வளர்ந்தவர்கள், அதுவும் போன் தானாகச் சொல்லைத் திருத்திக் கொடுக்கும். கீபோர்டில் உட்கார்ந்ததும் கை ஓடாது. அதனால் வீட்டில் லேப்டாப் இல்லையென்றால் நண்பன் வீட்டிலோ கடையிலோ வாரத்துக்கு இரண்டு தடவையாவது கீபோர்டில், ஆட்டோகரெக்ட்டை நிறுத்திவிட்டு, கடிகாரம் வைத்து எழுதுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தை வீணாக்க வேண்டாம், அந்த நேரத்தில் தாளில் கேள்வியை மட்டும் பிரித்துப் பழகுங்கள்: யாருக்கு, எதற்கு, மூன்று விஷயம், என்ன கேட்கிறேன். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்தான் ஆகும். கரண்ட் வந்ததும் அவற்றில் ஒன்றை எடுத்து முழுசாக டைப் செய்யுங்கள்.

எழுதியதை யாரிடமாவது காட்டுங்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கேள்வியைக் காட்டாமல் ஈமெயிலை மட்டும் கொடுத்து, நான் யாருக்கு எழுதியிருக்கிறேன், அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.